விதைக்கு விட்ட செடி

விதைச் சட்டத்தைப் பற்றி எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். பசிபிக் வட்டார வணிக ஒப்பந்தம் நம் மலேசியாவுக்கு 2022 நவம்பர் 29-இல் நடப்புக்கு வந்தது. அதில் சேர்ந்த கையோடு, யூபோவ் 1991 என்ற பயிர் ரக உரிமை உடன்படிக்கையிலும் 4 ஆண்டுகளுக்குள் சேர ஒப்புக்கொண்டிருக்கிறோம். நமது 2004-ஆம் ஆண்டுப் பயிர் ரகச் சட்டமோ சிறு விவசாயிகள் தங்களுக்குள் விதை கைமாற்றிக்கொள்ள இடம் கொடுக்கிறது. அதுவும் பறிபோய்விடுமோ என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

பாக்கெட் விதை மீது எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். சந்தைக்கு வரும் புரோக்கோலி பெரும்பாலும் எஃப்-1 கலப்பினம். ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே நாளில் பூ திரளும். லாரி ஏற்றச் சௌகரியம். ஆனால் அதில் விதை எடுத்துப் போட்டால் தாயைப் போலப் பிள்ளை வராது. பல ரகங்களில் மகரந்தமே கிடையாது. 1968-இல் ஜப்பானில் ஓகுரா என்பவர் முள்ளங்கியில் கண்ட ஆண் மலட்டுத்தன்மையைக் கோசு இனத்துக்குள் ஏற்றி அப்படிச் செய்கிறார்கள். போகத்துக்குப் போகம் பாக்கெட் வாங்கத்தான் வேண்டும்.

‘டி சிக்கோ’ என்ற பழைய இத்தாலிய ரகம் அப்படியல்ல. நடுப்பூ சின்னதுதான். அதை வெட்டினால் பக்கத்தில் துளிர்த்துக்கொண்டே இருக்கும். லாரிக்கு உதவாது, அடுப்படிக்கு உதவும். காலையில் நாலு கொத்து கிள்ளினால் ஒரு வேளைப் பொரியலாச்சு.

சட்டம் இருக்கட்டும். கேமரன் மலையில் ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தின் பின்கட்டில், நான் கொடுத்த டி சிக்கோ விதை இந்த வாரம் மஞ்சளாய்ப் பூத்து நிற்கிறது. இடுப்புயரச் செடிகள், சாயாமல் இருக்கக் கம்பு நட்டுப் பழைய சேலைக் கிழிசலால் கட்டியிருக்கிறது. கீழ்க்கிளையில் காய் பிடித்துவிட்டது. உச்சியில் இன்னும் மொட்டு.

“ஏன்க்கா, வெட்டலையா?”

“விதைக்கு விட்டது தம்பி, கை வைக்காதீங்க.”

காலமெல்லாம் கொளுந்து கிள்ளிய அக்கா அவர். கைலான் கீரை பூத்தால் புரோக்கோலியோடு கலந்துவிடும், பூக்க விடாதீர்கள் என்று மட்டுமே நான் சொல்லியிருந்தேன். புரோக்கோலி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. பக்கத்தில் துணைச்செடி வேண்டும். அதை நான் சொல்லவே இல்லை. ஆனாலும் ஒரு பாத்தியையே விதைக்கு விட்டிருக்கிறார். அவரையானாலும் பூசணியானாலும் மாமியார் அப்படித்தான் விடுவாராம்.

இங்கே ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. காய் முற்றும்போது நனைந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். பிப்ரவரி வெயிலில் காயும்படி கணக்குப் பார்த்து நாற்று விட வேண்டும். விதைக்கு விட்ட பாத்தியில் அரை வருஷத்துக்கு மேல் வேறெதுவும் நட முடியாது.

அக்காவுக்கு ஓய்வு நெருங்குகிறது. லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். பாத்தியும்தான். “இந்த விதைய நான் எங்க போய்ப் போடறது தம்பி?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

லயத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு மட்டும் என்ன வாழ்கிறது? கேமரன் மலைக் காய்கறி விவசாயிகளில் பலர் டிஓஎல் என்கிற தற்காலிக உரிமத்தில் காலம் தள்ளியவர்கள். தேசிய நிலச் சட்டப்படி அது அந்தந்த ஆண்டு டிசம்பர் 31-உடன் முடியும்; மறுபடி புதுப்பிக்க வேண்டும். அடுத்த வருஷம் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் எந்தத் தைரியத்தில் செடியை விதைக்கு விடுவார்? விதை உரிமைக்காகக் குரல் கொடுப்பவர்கள் (நானும்தான்) நில உரிமையையும் அதே மூச்சில் கேட்க வேண்டும்.

இங்கே ‘போ’ தேயிலை நிறுவனம் 1929-இல் தொடங்கியது, ‘பாரத்’ நிறுவனம் 1933-இல். தலைமுறை தலைமுறையாகக் கொளுந்தெடுத்தவர்கள் ஓய்வுபெறும்போது, சொந்தப் பெயரில் ஒரு வீடும் அதன் பின்னால் ஒரு பாத்திக்கு இடமும் கேட்பது பேராசை அல்ல. பகாங் மாநில அரசுக்கு மனமிருந்தால் செய்யக்கூடியதுதான்.

ஈரம் படாமல் டப்பாவில் மூடி வைத்தால் புரோக்கோலி விதை நாலு வருஷம் தாங்கும். அதற்குள் அக்காவுக்கு மண் கிடைக்க வேண்டும்.