இரண்டு அங்குலம் போதும்

2023 மார்ச்சில் ஜொகூரின் சிகாமாட், யோங் பெங் பக்கம் வெள்ளம் ஏறியதைப் பார்த்தவருக்கு ஹைலக்ஸ் பிக்கப் வண்டியை உயர்த்திக் கட்ட ஆசை வரும். வரட்டும். ஆனால் நான்கு அங்குலம் வேண்டாம், இரண்டு போதும். செம்பனைத் தோட்டப் பாதையில் குனிந்து பாருங்கள். சக்கரத் தடங்களுக்கு நடுவிலுள்ள மண்மேட்டில் முதலில் தட்டுவது பின் அச்சில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல்தான். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது இம்மியும் ஏறாது. பெரிய டயர்தான் அதைத் தூக்கும். ஸ்பிரிங் உயரம் அளவு மீறினால் முன்சக்கர டிரைவ் ஷாஃப்ட் அதிகமாகச் சாயும், ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் கக்கும், வளைவில் வண்டி ஆட்டம் காணும். பின்னால் இரும்புக் கட்டை செருகும் மலிவு வேலை வேண்டவே வேண்டாம், லீஃப் ஸ்பிரிங்கையே மாற்றுங்கள். அதற்கு முன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியைக் கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் ஏறும் வண்டி அது.