உயிரணுவுக்குள் ஒரு பேப்பர் லாமா லோரி

சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். படிவம் 4 படிக்கும் அவள் மகள், சாப்பாட்டு மேசை முழுக்க மாஜோங் தாளை விரித்து விலங்கு உயிரணுவை வரைந்துகொண்டிருந்தாள். உட்கருவுக்குப் பக்கத்தில் 'தலைமையாசிரியர் அறை' என்று எழுதியிருந்தாள். மைட்டோகாண்ட்ரியா மின் நிலையம். ஜாசாட் கோல்கி அஞ்சலகம். லிசோசோமுக்கு மட்டும் மூடியில்லாத ஒரு குப்பைத் தொட்டி. அதன் மேல் இரண்டு ஈக்கள் வேறு.

"சரிதானே, சித்தி?"

நானும் அப்படித்தான் படித்தேன். ஊடகத்துறைக்குப் போன பிறகு உயிரியல் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. ஆனாலும் அந்தத் தொட்டியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. காரணம், போன வருடம் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு.

அன்று காலை நிகழ்ச்சியில் உடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "வீட்டில் குப்பை கொட்டச் சொன்னால் ஆயிரம் சாக்குச் சொல்கிறோம். நம் உயிரணுவுக்குள் இருக்கும் குப்பைத் தொட்டி மட்டும் ஒரு நாள்கூட லீவு போடுவதில்லை" என்று சிரித்துவிட்டு அடுத்த பாட்டைப் போட்டேன். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு தாய் அழைத்தார்.

"கோபமா கூப்பிடலைம்மா. நீங்க சொன்ன அந்தக் குப்பைத் தொட்டி, என் மகனுக்குப் பிறந்ததிலிருந்தே லீவுதான்."

அவருடைய மகனுக்குப் பொம்பே நோய். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மருத்துவமனைக்குப் போய், பல மணி நேரம் நரம்பு வழியாக மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். அன்று அரை மணி நேரம் பேசினோம். அதன் பிறகுதான் நான் மறுபடியும் உயிரியல் படித்தேன்.

லிசோசோமைக் கண்டுபிடித்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் டி டூவ். அவர் அதைத் தேடிப் போகவில்லை. இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்று அறிய எலியின் ஈரலை அரைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். 1949இல் ஒரு நொதியை அளந்தபோது, எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் கிடைத்தது. கலவையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, ஐந்து நாள் கழித்து மீண்டும் அளந்தார்கள். அளவு ஏறியிருந்தது! நொதி எங்கோ ஒரு பைக்குள் அடைபட்டிருந்து, பை நைந்த பிறகு வெளியே வந்திருக்கிறது. 1955இல் அந்தப் பைக்கு லிசோசோம் என்று பெயர் வைத்தார். 1974இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

அந்தச் சின்னப் பைக்குள் ஏறத்தாழ 60 வகை நொதிகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் அமிலத்தன்மை, வெளியே இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல். அந்தப் புளிப்பில்தான் நொதிகள் நன்றாக வேலை செய்யும். தப்பித்தவறி கொஞ்சம் வெளியே கசிந்தாலும் பெரும்பாலும் சோர்ந்துவிடும். அதனால் உயிரணு தன்னைத்தானே செரித்துக்கொள்ளாமல் தப்பிக்கிறது.

நம் தாமானுக்குள் ஒலிபெருக்கியோடு வருமே 'பேப்பர் லாமா' லோரி, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பழைய தாள், ஓடாத மின்விசிறி எல்லாம் அதில் ஏறிப் போகும். பிறகு பிரிக்கப்பட்டு மீண்டும் பொருளாகும். லிசோசோமும் தேய்ந்துபோன மைட்டோகாண்ட்ரியாவையும் பழைய புரதத்தையும் பிரித்து, பயன்படும் துண்டுகளை உயிரணுவுக்கே திருப்பிக் கொடுக்கிறது. தொட்டி வாங்கி வைத்துக்கொள்ளும். இது வாங்கியதைத் திருப்பித் தருகிறது.

அந்த 60 நொதிகளில் ஒன்றே ஒன்று குறைந்தால் என்ன ஆகும்? பொம்பே நோயில் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரையைப் பிரிக்கும் நொதி இல்லை, அல்லது போதவில்லை. லிசோசோம் வீங்குகிறது, தசை பலவீனமாகிறது. கைக்குழந்தைகளுக்கு இதயமும் பெரிதாகிவிடும். 1932இல் இந்த நோயை விவரித்தவர் பொம்பே என்ற டச்சு மருத்துவர். காரணம் தெரிய 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடித்த ஹெர்ஸ், டி டூவின் சகாதான்.

இப்போது மருமகளின் அஞ்சலகத்துக்கு வருவோம். நொதி தானாக லிசோசோமுக்குப் போய்விடாது. உட்கருவிலிருந்து செய்முறை வருகிறது. உட்கருவை ஒட்டிய வலைப்பின்னலில் ரைபோசோம்கள் நொதியைத் தயாரிக்கின்றன. கோல்கியில் அதன் மேல் ஒரு சர்க்கரை முத்திரை குத்தப்படுகிறது. 'லிசோசோமில் சேர்க்கவும்' என்ற முகவரி அது. உயிரணுவின் வெளிச்சவ்விலும் அந்த முத்திரையைப் படிக்கத் தெரிந்த வாங்கிகள் உண்டு. 2006இல் அனுமதி பெற்ற மருந்து அந்த வழியில்தான் உள்ளே நுழைகிறது. ஆய்வுக்கூடத்தில் தயாரித்த நொதி, அதே முத்திரையோடு இரத்தத்தில் ஏறுகிறது. உயிரணு அதைத் தன் தபால் என்று வாங்கி லிசோசோமில் சேர்த்துவிடுகிறது. நோய் முற்றாகப் போவதில்லை. நொதி தீர்ந்துபோகும் என்பதால், மீண்டும் மீண்டும் ஏற்ற வேண்டும். பிள்ளை எடை கூடக் கூட மருந்தின் அளவும் கூடும்.

அந்தத் தாயிடம் கேட்டேன், எதுக்கா அதிகம் வலிச்சது என்று. ஊசி என்று சொல்வார் என நினைத்தேன்.

"வயித்துல இருக்கும்போது நான் எதையோ சாப்பிட்டுட்டேன்னு சொந்தக்காரங்க சொன்னதும்மா."

அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். ஒன்று மட்டும் இருந்தால் நோய் வராது, இருப்பதே தெரியாது. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. பப்பாளிக்கும் கிரகணத்துக்கும் இதில் வேலையே இல்லை. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும்போது ஒரே மரபணு இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படிப்பட்ட குடும்பங்கள் குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசனை கேட்பது நல்லது. குழந்தை துணிபோலத் துவண்டு கிடந்தாலோ, பால் குடிக்கத் திணறினாலோ மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். பெரியவர்களுக்கும் இது வரலாம். படியேறச் சிரமம், படுத்தால் மூச்சு முட்டுவது போன்றவற்றை வயசுக் கோளாறு என்று ஒதுக்காதீர்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மருமகள் ஈக்களை அழித்துக்கொண்டிருந்தாள். தொட்டி இருந்த இடத்தில் ஒரு லோரி வந்தது, ஒலிபெருக்கியோடு.

"சித்தி, சோதனையில பேப்பர் லாமான்னு எழுதினா மார்க் கிடைக்குமா?"

"கிடைக்காது. புத்தகத்துல உள்ளதை எழுது."

அன்றிரவு அந்தப் படத்தைப் படமெடுத்து அந்தத் தாய்க்கு அனுப்பினேன். மகனிடம் காட்டினாராம். லோரிக்கு ஓட்டுநர் இல்லையே என்று கேட்டானாம் அவன். மருமகளிடம் சொல்லியிருக்கிறேன்.