கேஸுக்கு முன் ஃபியூஸைப் பாருங்கள்

கார் ஏசி குளிரவில்லை என்றால் வீட்டில் எதையும் தொடாமல் நேரே கேஸ் நிரப்பப் போக வேண்டும் என்கிறார்கள். ஏற்க முடியாது. கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? மூடிய குழாய்க்குள் சுற்றும் ஆர்134ஏ கேஸ் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது வீண் செலவு.

திருவனந்தபுரத்தில் முதலில் மின்இணைப்பைச் சந்தேகியுங்கள். சங்குமுகம், வலியதுறைப் பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று பட்டு கனெக்டர் பின்கள் பச்சை பூத்துவிடும். இடவப்பாதி மழைக்கு பானட்டுக்குள் ஒதுங்கும் எலி ஒயரைக் கடிக்கும். இதற்கெல்லாம் கேஸ் மருந்தாகுமா?

ஃபியூஸைப் பாருங்கள். ரிலேயைக் கழற்றி, அதே எண்ணுள்ள ஹாரன் ரிலேயை மாட்டிப் பாருங்கள். கிளட்ச் உள்ள கம்ப்ரஸரில், ஏசி போட்டதும் 'டக்' சத்தம் இல்லையென்றால் கிளட்ச் ஒயரில் மல்ட்டிமீட்டர் வையுங்கள். 12 வோல்ட் வந்தும் ஒட்டவில்லையென்றால் காயிலோ எர்த்தோ கோளாறு. வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச் வழியில் தேடுங்கள்.

அந்த பிரஷர் சுவிட்சை நேரடியாக இணைத்து ஓட்டச் சொல்லும் யோசனை இன்னும் மோசம். கேஸோடு கலந்துதான் கம்ப்ரஸருக்கு எண்ணெய் போகிறது. கேஸ் இறங்கினால் கம்ப்ரஸர் தேய்ந்து நாசமாகாமல் காப்பதே அந்த சுவிட்ச். 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் 20 போடாதீர்கள், ஒயர் எரியும். கேஸ் குழாயைக் கழற்றும் வேலையை மட்டும் ஒர்க்‌ஷாப்பிடம் விடுங்கள்.