ஐம்பது நிமிடமும் ஒரு நாற்காலியும்

தமிழ்நாட்டில் கவுன்சிலிங் என்றால் இரண்டே பொருள்தான். ஒன்று இன்ஜினியரிங் சீட். இன்னொன்று அறிவுரை. இப்போது மூன்றாவதாக ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது: ஏசி அறை, டிஷ்யூ பெட்டி, ஐம்பது நிமிடம், கிளம்பும்போது கையில் ஒரு ஒர்க்‌ஷீட். அறிவுரைக்கு மாற்று இதுதான் என்று நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். தென்காசிப் பக்கம், பண்பொழியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்த வேலையைப் பார்ப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன், இது மாற்றே இல்லை. அதே அறிவுரை, கொஞ்சம் இஸ்திரி போட்டு வந்திருக்கிறது.

நான் பயிற்சி எடுத்த இடத்தில் விதிகள் இருந்தன. நேரத்தைத் தாண்டாதே. அறைக்கு வெளியே பேசாதே. கொடுக்கிற டீயைக் குடிக்காதே. பேச்சு தடம் மாறினால் டெக்னிக்குக்குத் திருப்பு. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, முட்டாள்தனமான காரணங்களும் அல்ல. ஆனால் காரணம் மறந்துபோய் விதி மட்டும் மிஞ்சும்போது அது சடங்காகிவிடுகிறது. முறைக்கு ஆள் பொருந்தவில்லை என்றால் ஆளுக்கு ஒரு பட்டம்: ‘ரெசிஸ்டன்ட்’. செருப்பு கடித்தால் காலைக் குறை சொல்கிற கதை.

1910இல் இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஃப்ராய்டைச் சந்தித்தார். புகழ்பெற்ற அந்தச் சாய்வு மெத்தை அங்கே இல்லை. இருவரும் சுமார் நான்கு மணி நேரம் ஊருக்குள் நடந்தபடியே பேசினார்கள். தாத்தா நடந்திருக்கிறார், பேரப்பிள்ளைகள்தான் நாற்காலியை விட்டு எழ மாட்டேன் என்கிறார்கள்.

கார்ல் ரோஜர்ஸ் 1942இல் எழுதிய புத்தகத்திலேயே ‘நோயாளி’யை விட்டு ‘கிளையன்ட்’ என்ற சொல்லுக்கு மாறினார். 1951இல் அதைப் புத்தகத் தலைப்பிலேயே வைத்தார். எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் வந்தவரின் அறிவையே நம்பு என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஒருவர் மாறுவதற்குத் தேவையானவை என்று 1957இல் அவர் அடுக்கிய நிபந்தனைகளில் ஆலோசகர் போலியில்லாமல் இருப்பது உண்டு, நிபந்தனையின்றி ஏற்பது உண்டு, அவரிடத்தில் இருந்து பார்ப்பது உண்டு. ஐம்பது நிமிடம் என்று எதுவும் கிடையாது.

எங்கள் மாவட்டத்தில் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு மணி நேரம் கை ஓய்ந்தால் அந்த நேரத்துக்குக் காசில்லை. அப்படியான ஒரு அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார்: “சார், கை நிக்காது. சுத்திக்கிட்டேதான் பேசுவேன், பாத்துக்கிடுங்க.” சரி என்று திண்ணையில் உட்கார்ந்தேன். இலையை வெட்டி, தூள் வைத்து, உருட்டி, நூல் கட்டுகிற வேலையில் அவர் கண் என் பக்கமே வரவில்லை. அதனால்தான் அவரால் பேச முடிந்தது. மூன்றாவது வாரம், நூலைக் கட்டிக்கொண்டே, வீட்டில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். தெருவில் ஆள் வந்தால் பேச்சு இந்த வாரத்து இலையின் தரத்துக்கு மாறிவிடும். யாரும் கற்றுத் தராமல் அவரே போட்டுக்கொண்ட கதவு அது.

இதைக் கேட்ட ஒரு சக ஆலோசகர், “இது தெரபியா, திண்ணைப் பேச்சா?” என்றார். வித்தியாசம் எளிது. திண்ணைப் பேச்சில் கேட்பவர் இரண்டாவது நிமிடம் தன் கதையை ஆரம்பிப்பார், மறுநாள் நம் கதையை டீக்கடையில் இறக்கி வைப்பார். நான் இரண்டையும் செய்வதில்லை. அந்த ஒழுக்கம்தான் தெரபி. கூரை எங்கே இருக்கிறது என்பது அல்ல.

அடுத்து முற்போக்கு நண்பர்கள். மாதாமாதம் திருமலைக் குமாரசாமி கோயிலுக்குப் படியேறும் ஒருவரை, “முதல்ல சாமி கும்பிடறதை நிறுத்தச் சொல்லு” என்பார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். சங்கிலியை எந்த நம்பிக்கையின் பேராலும் மன்னிக்க முடியாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடைசெய்தும் இருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டே, 2002இல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரகுராம் குழுவினரின் ஆய்வு ஒன்று வந்தது. தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் தங்கிய 31 பேர் பற்றியது. கட்டுப்பாடு இல்லை, சிறப்புச் சடங்கும் இல்லை. அவர்கள் அங்கே இருந்தார்கள், சின்னச் சின்ன வேலைகள் செய்தார்கள். அறிகுறி மதிப்பெண்கள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. மருந்தை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போங்கள் என்று அதை வைத்து யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஒருவரைத் தாங்குகிற கம்பை என் கொள்கைக்காகப் பிடுங்கக் கூடாது என்கிறேன். மாத்திரையும் படியேற்றமும் ஒரே ஆளிடம் இருக்கலாம்.

கடைசி எதிர்ப்பு உள்ளூர்க்காரர்களிடமிருந்து: “நம்ம சனங்களுக்கு அட்வைஸ்தான் வேணும், ரோஜர்ஸ் எல்லாம் அமெரிக்காவுக்கு.” 1973லேயே மனநல மருத்துவர் ஜஸ்வந்த் சிங் நேகி, குரு-சீடர் உறவை இந்தியச் சிகிச்சைக்கு ஒரு மாதிரியாக முன்வைத்து எழுதியிருக்கிறார். எனவே கேள்வி வலுவானதுதான். “நீங்களே ஒரு வழி சொல்லுங்க” என்று என்னிடமும் கேட்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு தலையாட்டுவது அவமரியாதை. விதவை ஓய்வூதியத்துக்கு எங்கே மனு கொடுப்பது என்று கேட்டால் சொல்கிறேன், கூடவும் போகிறேன். புருஷனை விட்டுப் போகவா என்று கேட்டால் சொல்ல மாட்டேன். போனாலும் இருந்தாலும் அந்த இரவுகளை வாழப்போவது அவர். வளைந்து கொடுப்பது என்றால் இதுதான்: எதைத் தருவது, எதைத் திருப்பித் தருவது என்று ஒவ்வொருவரிடமும் புதிதாகப் பார்ப்பது.

வளையக் கூடாததும் உண்டு. மாமியார் வந்து “என் மருமக என்ன சொன்னா?” என்று கேட்டால் பதில் கிடையாது. உயிருக்கு ஆபத்து தெரிந்தால் சும்மா இருப்பது கிடையாது. மருந்து தேவைப்படுகிறவரை மருத்துவரிடம் அனுப்பாமல் பேசியே சரிசெய்கிறேன் என்ற வீம்பு கிடையாது. இவற்றை இரும்பாக வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் ரப்பராக இருக்கலாம். நம் ஊரில் தலைகீழ். நேரமும் நாற்காலியும் இரும்பு, ரகசியம் ரப்பர்.

உங்களில் பலர் இந்தப் படிப்புக்கு வரப்போகிறவர்கள், இன்னும் பலர் இந்த அறைகளுக்குள் போகப்போகிறவர்கள். படிக்கப் போகிறவர்கள் டெக்னிக்கைக் கற்றுக்கொள்ளுங்கள், கட்டாயம் வேண்டும். தச்சனுக்கு உளி வேண்டும், ஆனால் மரத்தின் ரேகையைப் பார்த்துத்தான் அவன் உளியை வைக்கிறான். சிகிச்சைக்குப் போகிறவர்கள் இரண்டாவது சந்திப்பில் வாய்விட்டுக் கேளுங்கள்: “இது எனக்கு ஒத்து வரல, வேற மாதிரி பேசலாமா?” அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற ஆலோசகரிடம் மூன்றாவது சந்திப்பு வேண்டாம்.