சிரிக்க வைப்பதா வர்ணனை?

பதிவு கொஞ்சம் நீளம். சாய்ந்து உட்கார்ந்து வாசியுங்கள்.

தொலைக்காட்சியில் தமிழில் கபடி வர்ணனை வருவது எனக்குச் சந்தோஷம்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "சாருக்கு எதைக் கண்டாலும் குறைதான்" என்று கமெண்ட் போடுவீர்கள். 2014இல் புரோ கபடி தொடங்கியது, 2017இல் தமிழ் தலைவாஸ் வந்தது. அதுவரை கபடி பக்கம் தலைவைக்காத என் வயதுப் பெண்கள்கூட இப்போது சீரியலை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள்.

ஆனால் வர்ணனை? ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான் நேரம். அதற்குள் ஒரு சினிமா வசனம், வீரரின் பெயரை வைத்து ஒரு சிலேடை, பக்கத்தில் இருப்பவரின் சிரிப்பு. சிரித்து முடிப்பதற்குள் பாடிப் போனவன் பிடிபட்டுவிடுகிறான். எப்படிப் பிடித்தார்கள்? கணுக்காலையா, இடுப்பையா? மூலையில் நின்றவன் முதலில் பாய்ந்தானா, சங்கிலியாகக் கைகோத்து நின்றவர்கள் மடக்கினார்களா? ஒரு வார்த்தை கிடையாது. "வேற லெவல்" என்று ஒரு கூச்சல், அவ்வளவுதான்.

"படம்தான் தெரிகிறதே சார், எதற்குச் சொல்ல வேண்டும்?" என்பீர்கள். சரியான கேள்வி. நம் மாவட்டத்துச் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் வானொலியில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்தார். 2020 டிசம்பரில் மறைந்துவிட்டார். வானொலியில் இருப்பவர் கண்ணும் காதுமாக இருந்து எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். தொலைக்காட்சியில் அந்தப் பாரம் இல்லை. அங்கே கண்ணுக்குத் தெரியாததைச் சொன்னால் போதும்.

கபடியில் அப்படிச் சொல்ல ஏராளம் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் அவன் வெளியே. எதிரே ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் கோடு செல்லும். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்துவிட்டால் இரண்டு புள்ளி. இது தெரியாமல் பார்க்கிறவனுக்கு, முன்னணியில் இருக்கும் அணியின் ஆள் நடுக்கோட்டுப் பக்கமே நின்று பாடிவிட்டுத் திரும்பினால் பயந்துவிட்டான் என்றுதான் தோன்றும். அவன் நேரத்தைத் தின்றுகொண்டிருக்கிறான் என்று வர்ணனையாளர் சொல்ல வேண்டாமா?

ஸ்நூக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1875இல் ஜபல்பூரில் வெள்ளைக்கார அதிகாரிகள் தொடங்கிய ஆட்டம். விதிகள் எழுதி மாட்டப்பட்டது நம் ஊட்டி கிளப்பில். பிபிசியில் அதற்கு வர்ணனை சொன்ன டெட் லோ என்பவருக்கு 'கிசுகிசுக்கும் டெட்' என்றே பட்டப்பெயர். ஆரம்பத்தில் தனி அறை இல்லாமல் பார்வையாளர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பேச வேண்டியிருந்ததால் குரல் தாழ்ந்தது. அந்தக் குரலுக்காகவே ஆட்டம் பார்த்தவர்கள் உண்டு. கபடியில் கிசுகிசுக்கச் சொல்லவில்லை. விசில் சத்தத்துக்கு நடுவில் அது நடக்காது. ஆனாலும் மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. தூத்துக்குடி மாவட்டம் மணத்தியில் பிறந்த கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் வாங்கியவர். கரிசல் மண்ணில் முட்டி தேய ஆடுகிற பையனுக்குப் பயிற்சியாளர் கிடையாது, தொலைக்காட்சிதான் வாத்தியார். அந்த வாத்தியார் வகுப்பு முழுக்க ஜோக் அடித்துக்கொண்டிருந்தால் பையன் எதைப் படிப்பான்? நான் வகுப்பில் ஜோக்கே அடித்ததில்லை என்று சொல்லவில்லை. கணக்கை முடித்துவிட்டுத்தான் அடிப்பேன். உங்களுக்கே தெரியும்.

இப்போது கோயில் கொடை ஆட்டங்களில் மைக் பிடிக்கிற நம் பையன்களுக்கும் அந்தக் காய்ச்சல் தொற்றியிருக்கிறது. உங்களில் இரண்டு பேர் மைக் பிடிப்பதாகக் கேள்விப்பட்டேன். பெயர் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். அடுத்த ஆட்டத்தில் ஆள் பாடப் போவதற்கு முன்னால் எதிரே எத்தனை பேர் நிற்கிறார்கள், இது எத்தனையாவது வெறும் ரெய்டு, இந்த இரண்டை மட்டும் சொல்லிவிட்டு மைக்கைக் கீழே இறக்குங்கள். அவன் திரும்பி வரட்டும், பிறகு பேசலாம்.