எங்கட ஊவே

1961ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் இத்தாலியின் இன்ரர் மிலான் உதைபந்தாட்டக் கழகத்தின் பயிற்றுநர் ஹெலெனியோ ஹெரேரா ஹம்பர்க் நகருக்கு வந்திறங்கினார். ஜேர்மனியின் மிகச் சிறந்த முன்னணி ஆட்டக்காரராகிய ஊவே சீலரைத் தம்முடன் அழைத்துச் செல்வதே அவர் நோக்கம். பேசப்பட்ட தொகை ஏறத்தாழப் பத்து இலட்சம் மார்க். சீலருக்கு அப்போது வயது இருபத்துநான்கு. பேச்சு நாட்கணக்கில் நீண்டது. ஈற்றில் அவர் மறுத்துவிட்டார்.

ஆட்டக்காரர் பணத்தாசை கொண்டுவிட்டனர் என்று குறைகூற விரும்புவோர் ஜேர்மனியில் இன்றும் எடுத்துக்காட்டும் கதை இது. நம் மொழியிலோ அவர் பெயரே சீலர் என்று அமைந்துவிட்டது. புகழ்வோருக்கு வேலை மிச்சம். ஆயினும் இப்புகழுரையில் ஒரு பாதிதான் உண்மை என்பதும், மறுபாதி அம்மனிதருக்கே அநீதி செய்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

சீலரின் தந்தை எர்வின், ஹம்பர்க் துறைமுகத்தில் உழைத்த தொழிலாளி. அவரும் பேர்பெற்ற ஆட்டக்காரரே. 1931இல் வியன்னாவில் நடந்த தொழிலாளர் ஒலிம்பியாவில் ஆடியவர். மறு ஆண்டு அவர் தொழிலாளர் கழகத்தை விட்டு, வசதிபடைத்தோரின் கழகமாகக் கருதப்பட்ட விக்ரோறியாவில் சேர்ந்தார். தொழிலாளர் பத்திரிகை அவரை வழிதவறிய பாட்டாளி என்று சாடியது. பின்னர் அவர் ஹம்பர்க் எஸ். வி. கழகத்துக்கு மாறினார், மகன் வளர்ந்ததும் ஆடியதும் அக்கழகத்திலேதான். தந்தை சென்றார், ஏச்சுக் கேட்டார். மகன் சென்றாரல்லர், போற்றப்பட்டார். ஏசியோரும் போற்றியோரும் ஒருவர்க்கொருவர் பகைவராயிருக்கலாம். ஆயினும் இரு சாராரும், அக்கால்கள் தமக்குரியவை என்றே எண்ணினர்.

மறுப்பின் பின்னணியையும் நோக்கவேண்டும். 1963இல் புண்டஸ்லீகா தோன்றுமுன் ஜேர்மனியில் ஆட்டக்காரரின் மாத வேதனம் சில நூறு மார்க்குக்கு மேற்போகலாகாது என்ற கட்டுப்பாடு இருந்தது. பல்லாயிரம் பேர் நுழைவுச்சீட்டு வாங்கி அரங்கை நிரப்ப, அவர்களை வரவழைத்தவர் எழுதுவினைஞருக்கு நிகரான ஊதியம் பெற்றார். நாட்டை விட்டுப் போகாதே என்று கெஞ்சியவர்களுள் எத்தனை பேர், அந்த வேதனத்தை உயர்த்துங்கள் என்று கேட்டனர்? விசுவாசத்தைப் பாடுவது செலவில்லாத காரியம்.

சீலரும் உலகமறியாத துறவியல்லர். சரக்கு அனுப்பும் தொழிலிற் பயிற்சி பெற்றவர். அடிடாஸ் நிறுவனத்தின் பாதணிகளுக்கு வடஜேர்மனியில் விற்பனைப் பிரதிநிதியாகி, ஊரூராகக் காரோட்டிச் சென்று வியாபாரம் பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்குத் திரும்புவார். கால் ஓய்ந்தபின்பும் சோறுபோடும் தொழில் அது. தெரியாத தேசத்துப் பெருஞ்செல்வத்தையும் தெரிந்த ஊரின் நிதானமான வாழ்வையும் எடைபோட்டுப் பின்னதைத் தெரிந்தார். இதைத் தியாகம் என்பதிலும் பார்க்க, தனக்கு எவ்வளவு போதும் என்று அறிந்த ஒருவரின் தீர்ப்பு என்பதே பொருந்தும். அத்தீர்ப்பு எனக்கு மிகப் பிடித்திருக்கிறது. ஆனால் அது அவருடைய தீர்ப்பு. பிறர்மீது விதிக்கும் சட்டமன்று.

அவருடைய பெருமைக்கு இம்மறுப்பு தேவையுமன்று. 1954இல், பதினேழு வயதில், தேசிய அணிக்கு ஆடத் தொடங்கியவர். உயரம் ஐந்தரை அடிக்குச் சற்றே கூடுதல். அதை வைத்துக்கொண்டு நெடிய தடுப்பாட்டக்காரருக்கு மேலெழுந்து தலையால் கோல் போடுவார். 1965 பெப்ரவரியில் குதிக்கால் நரம்பு அறுந்தது. அந்நாளில் அத்தகைய காயம் ஆட்டவாழ்வின் முடிவாகவே எண்ணப்பட்டது. தனியாகச் செய்த பாதணி அணிந்து, அதே ஆண்டு செப்டெம்பரில் ஸ்ரொக்ஹோமில் சுவீடனுக்கு எதிராகக் களமிறங்கி, வெற்றிக் கோலைப் போட்டார். உலகக் கிண்ணத்துக்கான வழி அதனால் திறந்தது. மறு ஆண்டு வெம்பிளி இறுதியாட்டத்தில் இங்கிலாந்திடம் தோற்றபின், தலைகுனிந்து வெளியேறும் அணித்தலைவராக அவரைக் காட்டும் புகைப்படம் உலகப் பிரசித்தம். 1970இல் மெக்சிக்கோவின் லெயோன் நகரில் அதே இங்கிலாந்துக்கு எதிராக, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, கோலுக்கு முதுகு காட்டி நின்றபடியே பிடரியால் பந்தைத் தட்டி ஆட்டத்தைச் சமன் செய்தார். மேலதிக நேரத்தில் ஜேர்மனி வென்றது. 1958 முதல் 1970 வரை நான்கு உலகக் கிண்ணங்களிலும் கோல் போட்டார்; அப்பெருமையை முதலில் எய்தியோர் அவரும் பெலேயுமே. கிண்ணம் மாத்திரம் ஒருபோதும் அவர் கைக்கு வரவில்லை.

ஹம்பர்க் மக்கள் தங்கள் வட்டாரப் பேச்சுமொழியில் அவரை ‘உன்ஸ் ஊவே’ என்றழைத்தனர். நம் பேச்சில் சொல்வதாயின் ‘எங்கட ஊவே’. ஏட்டு ஜேர்மனில் அச்சொல்லைத் திருத்தி எழுதினால் உயிர் போய்விடும். அன்பும் உரிமையும் பிரிக்கமுடியாதபடி கலந்த சொல் அது. அன்பினால் அழைக்கும்வரை அழகு. உரிமை மேலோங்கும்போதோ, புறப்பட்டுச் செல்லும் ஒவ்வொரு இளைஞனையும் துரோகி என்று தூற்ற அதே சொல் உதவுகிறது. ஊர் மைதானத்துக்கு வெளியே 2005இல் அவருக்கு வெண்கலத்தில் நினைவுச்சின்னம் வைத்தனர்: நான்கு தொன் எடையில் ஒரு வலது கால். ஆளை விட்டுவிட்டுக் காலை மாத்திரம் நிறுத்தியதை வேடிக்கை என்று கொள்வோருமுண்டு. எனக்கு அது அவ்வூர் அறியாமலே சொல்லிவிட்ட உண்மையாகத் தோன்றுகிறது.

1972இல் ஓய்வு பெற்றபின்பும் ஊர் அவரை விடவில்லை. கழகம் தளர்ந்திருந்த 1995இல் அவரைத் தலைவராக்கினர். நிர்வாகத்தில் நிதி முறைகேடுகள் வெளிவந்தன. அவற்றில் அவருக்குத் தனிப்பட்ட பங்கில்லை. எனினும் பொறுப்பேற்று 1998இல் விலகினார். களத்திற் பழகிய ஒருவரின் நற்பெயரைக் கணக்கேட்டின்மேல் போர்த்தி வைக்கலாம் என்று எண்ணியவர்களையே இதற்குக் குறைசொல்ல வேண்டும். 2003இல் நகரம் அவரைக் கௌரவப் பிரசையாக்கியது. புண்டஸ்லீகாவில் அதன் தொடக்கம் முதல் இடையறாது நிலைத்திருந்த ஒரே கழகம் என்ற பெருமையோடு வாழ்ந்த ஹம்பர்க் எஸ். வி., 2018இல் முதன்முறையாகக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. 2022 ஜூலை 21ஆந் திகதி, எண்பத்தைந்து வயதில் சீலர் காலமானபோதும் அது மீளவில்லை. 2025இலேதான் மேலேறியது.