பனியன் செய்த குற்றம் என்ன?

அமெரிக்க சர்க்கார் இந்தியச் சரக்குகளின் மீது 2025-ம் வருஷத்தில் போட்ட புதிய சுங்கவரியைப் பற்றி நமது நாட்டில் வெகு ஆர்ப்பாட்டமான பேச்சுகள் நடந்தன. தேசத்தின் மானம் என்றார்கள், சுதேசி என்றார்கள், அன்னியனுக்குத் தலைவணங்கோம் என்றார்கள். இவ்வளவு கூச்சலுக்கும் மத்தியில் அந்த வரி கடைசியாக யார் தலையில் விடிந்தது என்கிற ஒரு கேள்வி மாத்திரம் அனேகமாய் மறக்கப்பட்டே போய்விட்டது. ஆதலால் அதைக் குறித்து நமது அபிப்பிராயத்தைச் சற்று எழுத வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 5-ந் தேதி நூற்றுக்கு 10 என்று ஆரம்பித்த இந்த வரி, ஆகஸ்டு 7-ந் தேதி 25 ஆகி, அதே மாதம் 27-ந் தேதி 50 ஆயிற்று. இது பழைய வரிக்கு மேல் வரி. பருத்திப் பனியன் சட்டைக்கு அங்கே ஏற்கனவே நூற்றுக்கு 16.5 உண்டு. ஆகவே திருப்பூரிலிருந்து 100 ரூபாய் விலைபோட்டு அனுப்பிய சட்டைக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் 66 ரூபாய் 50 காசு கட்டியாக வேண்டியதாயிற்று. அதே சட்டை வங்காள தேசத்திலிருந்தோ, வியட்நாமிலிருந்தோ, இலங்கையிலிருந்தோ போனால், அந்நாடுகளுக்கு அப்போது போட்ட புது வரி 20 தான் ஆனதால், 36 ரூபாய் 50 காசோடு தீர்ந்தது. 30 ரூபாய் நஷ்டப்பட்டுக்கொண்டு எந்த வியாபாரி திருப்பூரைத் தேடி வருவான்? எத்தனை மேடைகளில் தேசாபிமானம் பேசினாலும் இந்தக் கணக்கு மாறுமா?

நிற்க, இவ்வரியை அன்னிய நாட்டான்தான் கட்டுகிறான் என்று அமெரிக்க ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. இது சுத்தப் புரட்டு. துறைமுகத்தில் பணத்தைக் கட்டி ரசீது வாங்குகிறவன் அமெரிக்க இறக்குமதி வியாபாரியே. ஆனால் அவன் மாத்திரம் ஏமாளியா? "விலையில் இவ்வளவு தள்ளிக் கொடு, இல்லாவிட்டால் ஆர்டர் வேண்டாம்" என்று உடனே இங்கே எழுதுகிறான். இங்கோ நூல் வாங்கி, சாயம் போட்டு, அவன் கம்பெனிப் பேர் போட்ட லேபிளும் தைத்தாகிவிட்டது. அதை வேறு யாரிடம் கொண்டுபோய் விற்பது? முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிக் கொடுக்கிறார். கொடுத்ததை ஜாப் ஒர்க் பட்டறைக்காரரிடம் பிடிக்கிறார். பட்டறைக்காரர் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் பிடிக்கிறார். அவளுக்கு முதலில் ஓவர்டைம் நிற்கிறது. பிறகு வாரத்தில் இரண்டு நாள் வேலை நிற்கிறது. அவளுக்குக் கீழே பிடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாளைக்குக் கட்டிய வரியைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தாலுங்கூட, அது ரசீது யார் பேரில் இருக்கிறதோ அவருக்கே போகுமேயல்லாமல் அவளுக்கு ஒரு காசும் வராது.

இதில் பெரிய வேடிக்கை வேறொன்று. 50-ல் பாதியான 25 எதற்கு என்றால், இந்தியா ருஷ்யாவிடம் பெட்ரோலிய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாம்! எண்ணெயை வாங்கியவை பெரிய சுத்திகரிப்பு ஆலைகள். மலிவு விலையில் லாபம் கண்டவையும் அவையே. ஆனால் பெட்ரோலியச் சரக்குக்கு இந்த வரியிலிருந்து விலக்கு! பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா? இதைத் தலைவிதி என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல எத்தனையோ பேர் வருவார்கள். இந்த விதி 2025 ஆகஸ்டு 6-ந் தேதி வாஷிங்டனில் கையெழுத்தான ஒரு காகிதம் என்பதை அவள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் சர்க்காருக்கும் இதில் பங்கில்லாமல் இல்லை. வெளிநாட்டுப் பஞ்சுக்கு 2021-ல் நூற்றுக்கு 11 வரி போட்டது அமெரிக்காக்காரனல்ல. அதை 2025 ஆகஸ்டு 19 முதல் செப்டம்பர் முடிய நிறுத்தி, பின் டிசம்பர் முடிய நீட்டினார்கள். சரி, மில்காரருக்குப் பஞ்சு மலிவாயிற்று. வேலை நின்ற நாளுக்குத் தையல் பெண்ணுக்குக் கிடைத்தது என்ன? வரிச் சலுகை கேட்டு டில்லிக்குப் போகும் கனவான்கள், அடுத்த தடவை தங்கள் மகஜரில், சர்க்கார் செய்யும் எந்த உதவியிலும் முதல் பங்காக, நின்றுபோன ஷிப்டுக்குப் பாதிக் கூலியாவது தொழிலாளிக்கு நேரே கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கட்டும். சேர்க்க மறுத்தால், அவர்கள் யாருக்காகப் போகிறார்கள் என்று திருப்பூர்த் தோழர்கள் ரயிலடியிலேயே கேட்கட்டும்.